மடத்துக்குளத்து டிரங்குப் பெட்டியில ஒரு கப்பல் துப்பாக்கி

1/ மடத்துக்குளத்துல இருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல. இங்க தண்ணின்னா அமராவதி தண்ணிதான். கரும்புக்கும் நெல்லுக்கும் பாயுற தண்ணி. அப்படிப்பட்ட ஊர்ல போன மாசம் என் மேஜை மேல ஒரு கப்பல் துப்பாக்கி வந்து உக்காந்துச்சு. அதைப் பத்தின நீளமான இழை இது. டீ எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க.

2/ கொண்டு வந்தவங்க என்கிட்ட ரொம்ப வருஷமா சுகருக்கு மருந்து வாங்குற ஒரு அம்மா. எழுபது வயசுக்கு மேல. நூல்மில்லுல கோன் வைண்டிங்ல முப்பது வருஷம் நின்னவங்க. அவங்க அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியாம சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

3/ மஞ்சப்பைக்குள்ள பழைய வேட்டி. வேட்டிக்குள்ள பித்தளையில ஒரு கனமான சாமான். "ஏனுங் டாக்டர், நீங்க நாலு எழுத்து படிச்சவங்க. இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க. எங்கண்ணன் டிரங்குப் பெட்டியில இருந்துச்சுங்க"ன்னாங்க. நான் பயந்துட்டேன். துப்பாக்கியேதான்.

4/ அந்த அண்ணன் பம்பாய் போய் கப்பல்ல கலாசியா வேலை பாத்தவர். ஊருக்குத் திரும்பி வந்தப்ப இந்தப் பெட்டியும் கூட வந்திருக்கு. பெட்டிக்குள்ள துப்பாக்கி இருக்குன்னு யாரோ பாத்துட்டாங்க. அவ்வளவுதான். "பம்பாய்ல கடத்தல் பண்ணினவன்"னு பேர் வந்துடுச்சு. நிச்சயம் வரைக்கும் வந்த ஒரு சம்பந்தம் நின்னுபோச்சு. அவர் கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல. போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு.

5/ இப்ப வீட்டுல ரெண்டு கட்சி. பையன், "போலீஸ் வம்பு வேண்டாம், அமராவதியில போட்டுடலாம்"ங்கிறான். சொந்தக்காரர் ஒருத்தர், "இது திப்பு சுல்தான் காலத்துத் துப்பாக்கி, லட்சக்கணக்குல போகும்"ங்கிறார். அந்தம்மாவுக்கு ரெண்டுமே முக்கியமில்ல. "எங்கண்ணன் தப்பானவரான்னு மட்டும் தெரிஞ்சா போதுமுங்க"ன்னாங்க. மருந்துச் சீட்டுல எழுத முடியாத கேள்வி.

6/ முதல்ல பாதுகாப்பு. பக்கத்துத் தெருவுல ராணுவத்துல இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர் இருக்கார். அவரைக் கூப்பிட்டு, உள்ள எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டோம். அதுக்கப்புறம்தான் நான் தொட்டேன். பழைய துப்பாக்கி மாதிரி எது கிடைச்சாலும் இதுதான் முதல் விதி. விசையை இழுத்துப் பாக்குற வேலையே கூடாது.

7/ நோயாளியைப் பாக்குற மாதிரியே பாத்தேன். முதல்ல கண்ணால. குழாயோட வாயில ரெண்டு விரல் சேர்த்து நுழையுது. அவ்வளவு அகலம். ஆனா குழாயோட சுவர் மெல்லிசு. இவ்வளவு பெரிய குண்டை வேகமா சுடுற துப்பாக்கின்னா இந்தச் சுவர் முதல் தடவையே வெடிச்சிருக்கும். அப்ப இது குண்டு சுடுறதுக்குச் செஞ்சது இல்ல.

8/ ரெண்டாவது, குறி பாக்குற முள்ளே இல்ல. மூணாவது, குழாய்க்குள்ள துப்பாக்கிக்கு உரிய சுருள் வரி இல்ல, வழவழன்னு இருக்கு. நாலாவது, கைப்பிடி ரெண்டு. ஒண்ணு வழக்கம்போல கீழ. இன்னொண்ணு குழாய்க்கு மேல. ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கிறதுக்கு வசதியா.

9/ அஞ்சாவது, பின்பக்கம் மடக்கித் திறந்தா தோட்டா வைக்கிற இடம் சின்னது. முன்வாய் அவ்வளவு பெருசு, பின்வாய் இவ்வளவு சிறுசு. அப்படின்னா பெரிய பொருளை முன்னாடி இருந்து சொருகணும். பின்னாடி வைக்கிற சின்னத் தோட்டா அதைப் பத்த வச்சு வெளிய தள்ள மட்டும்தான். ஆறாவது, பித்தளை. உப்புக்காத்துல இரும்பு மாதிரி துருப்பிடிக்காது.

10/ புளி போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிடும்னு ஒருத்தர் சொன்னார். தேச்சிருந்தா எல்லாமே போயிருக்கும். தோல்ல லேசான தடிப்பைப் பாக்க நாங்க டார்ச்சைச் சாய்ச்சு அடிப்போம். அதே மாதிரி அடிச்சேன். மங்கலா ஒரு பெயர் தெரிஞ்சுது. ஷெர்முலி. அது கிடைச்சதும் டயக்னோசிஸ் முடிஞ்சுது.

11/ இது ஆளைச் சுடுற துப்பாக்கி இல்ல. கயிறு வீசுற துப்பாக்கி. புயல்ல கரை தட்டுன கப்பல்ல இருந்து, மெல்லிய கயிறு கட்டின ராக்கெட்டைக் கரைக்கு அனுப்புறதுக்கானது. உயிர் எடுக்க இல்ல, உயிர் காக்க. ஏன் இப்படி ஒரு கருவி தேவைப்பட்டுச்சு? அதுக்கு 1807-க்குப் போகணும்.

12/ 1807 பிப்ரவரி. இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் கடற்கரை. 'ஸ்னைப்' என்ற கடற்படைக் கப்பல் புயலில் தரைதட்டுகிறது. கரையிலிருந்து ஐம்பது, அறுபது மீட்டர்தான். நம்ம ஊர்ல ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற தூரம். கரையில் ஊரே கூடி நிற்கிறது. கப்பலில் இருந்து வரும் அலறல் காதில் விழுகிறது. அறுபதுக்கும் மேற்பட்டோர் கண்ணெதிரே மூழ்கிப் போனார்கள்.

13/ அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் ஜார்ஜ் மேன்பி. அவர் பீரங்கி வகையான மோர்ட்டாரில் கயிறு கட்டிய குண்டைக் கப்பலுக்கு மேலே சுட்டு அனுப்பும் முறையை உருவாக்கினார். 1808 பிப்ரவரியில் 'எலிசபெத்' என்ற கப்பலில் இருந்த ஏழு பேர் அந்தக் கயிற்றால் கரை சேர்ந்தார்கள்.

14/ அதே 1807, டிசம்பர் 29. கார்ன்வால் கடற்கரையில் 'ஆன்சன்' என்ற போர்க்கப்பல் கரை தட்டியது. நூறு பேர் வரை இறந்தார்கள். அங்கே நின்று பார்த்தவர் ஹென்றி டிரென்கிரவுஸ், மரச்சாமான் செய்யும் தச்சர். அவர் வேறு மாதிரி யோசித்தார்: கரையிலிருந்து கப்பலுக்கு ஏன் சுட வேண்டும்? கப்பலிலிருந்து கரைக்குச் சுட்டால் என்ன?

15/ இந்த யோசனையோட அருமையைப் பாருங்க. கப்பலைக் கரைக்குத் தள்ளுற காத்து எந்தப் பக்கம் அடிக்கும்? கரையைப் பாத்துத்தான். கரையில இருந்து சுட்டா எதிர்க்காத்து. கப்பல்ல இருந்து சுட்டா பின்காத்து. அதோட இருட்டுல ஆடுற கப்பல் ஒரு சின்னக் குறி. கரை எவ்வளவு நீளம்? கண்ணை மூடிட்டுச் சுட்டாலும் தப்பாது. அதான் குறி பாக்குற முள் இல்ல!

16/ அவர் பீரங்கியையும் விட்டுவிட்டார். ராக்கெட்டை எடுத்தார். காரணம்: குண்டு ஒரே வெடியில் கிளம்பும், அந்த வெடுக்கில் கயிறு அறுந்துவிடும். ராக்கெட் எரிய எரிய வேகம் கூடும், கயிற்றைப் பதமாக இழுத்துக்கொண்டு போகும். இதை அந்தம்மாகிட்ட சொன்னேன். "ஆமாங், மெஷினை வெடுக்குன்னு ஓட்டுனா நூல் அறுந்துபோயிருமுங்க. நாங்க பாக்காததா?"ன்னு சிரிச்சாங்க.

17/ டிரென்கிரவுஸ் சொந்தப் பணத்தையெல்லாம் இதில் போட்டார். அரசாங்கம் கொடுத்தது 50 பவுண்டு. ரஷ்யச் சக்கரவர்த்தி ஒரு வைர மோதிரம் அனுப்பினார். அதையும் அடகு வைக்க வேண்டியதாயிற்று. 1854-ல் இறந்தார். அவருடைய 'கப்பலிலிருந்து கரைக்கு' யோசனை எல்லாக் கப்பலுக்கும் போய்ச் சேரவில்லை.

18/ இப்ப அந்தச் சொந்தக்காரருக்கு வருவோம். "திப்பு காலத்துத் துப்பாக்கி." இல்லைங்க. இது இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சாமான். ஆனா அவர் சொன்னதுல திப்புவோட பெயர் வந்தது முழுசாத் தப்பும் இல்ல. இந்தக் கதையில நம்ம பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கு.

19/ நம்ம கொங்குப் பகுதி 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் படையில் ராக்கெட் வீரர்களை வைத்திருந்தார்கள். ஒரு சாண் அளவுள்ள இரும்புக் குழாயில் வெடிமருந்தை இறுக்கி அடைத்து, மூங்கில் கழியில் கட்டி விடுவார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாயும்.

20/ ராக்கெட் அப்போது உலகத்துக்குப் புதிதல்ல. சீனாவிலும் ஐரோப்பாவிலும் காகித அட்டைக் குழாய்களில் விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மைசூரின் சிறப்பு இரும்பு. இரும்புக் குழாய் அதிக அழுத்தத்தைத் தாங்கும். அதனால் மருந்தை இன்னும் இறுக்கமாக அடைக்கலாம், தூரமும் கூடும். 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படை படுதோல்வி அடைந்த போரிலும் இந்த ராக்கெட்டுகள் பாய்ந்தன.

21/ 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றைத் தூர் வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய இரும்பு ராக்கெட்டுகள் சேற்றோடு வெளியே வந்தன. நம்ம அப்துல் கலாமும் நாசாவின் வாலப்ஸ் மையத்தில் திப்பு படையின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்து வியந்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

22/ 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு இந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றை வைத்துப் பிரிட்டனுக்கான போர் ராக்கெட்டைச் செய்தார். 1807 செப்டம்பரில் அவை கோபன்ஹேகன் நகரை எரித்தன. ஆண்டைக் கவனியுங்கள். ஊரை எரிக்க ராக்கெட் பறந்த அதே ஆண்டு முடிவில்தான், ஆன்சன் கப்பல் உடைந்து, ராக்கெட்டில் கயிறு கட்டலாம் என்ற எண்ணம் ஒரு தச்சருக்கு வந்தது.

23/ பிறகு ஜான் டென்னட் என்பவர் வந்தார். அவர் முதலில் போர் ராக்கெட்டைத்தான் மேம்படுத்தப் பார்த்தார். அதன் பிறகு அதிலேயே கயிறு கட்டினார். 1865-ல் கர்னல் பாக்ஸர் இரண்டு கட்டமாக எரியும் மீட்பு ராக்கெட்டைக் கொண்டுவந்தார். கரையோரக் காவல் நிலையங்களில் அவை நின்றன. ஆனால் இவையெல்லாம் கரையிலிருந்து கப்பலுக்குச் சுடுபவை. டிரென்கிரவுஸ் சொன்னதற்கு நேர் எதிர்.

24/ வில்லியம் ஷெர்முலி கப்பலில் மாலுமியாக வேலை பார்த்தவர். பின்காற்றுக் கணக்கு அவருக்கு அனுபவத்தில் தெரியும். 1897-ல் கப்பலிலிருந்து வீசும் ராக்கெட் கருவியைச் செய்தார். 1920-ல் அதை ஒரே ஆள் கையில் பிடித்துச் சுடும் பிஸ்டலாக மாற்றினார். 1929-ல் 500 டன்னுக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் கப்பல்களில் கயிறு வீசும் கருவி கட்டாயமானது. ஷெர்முலி இறந்ததும் அதே ஆண்டில்தான்.

25/ 1807-ல வந்த யோசனை 1929-ல சட்டமாச்சு. 122 வருஷம். மருத்துவத்துலயும் இப்படித்தான். நல்ல யோசனை வர்றது ஒரு நாள் வேலை. அது எல்லாருக்கும் போய்ச் சேர்றதுதான் பெரிய வேலை.

26/ சரி, மெல்லிய கயிறு கரைக்கு வந்துடுச்சு. அதைப் பிடிச்சு ஆள் தொங்க முடியுமா? முடியாது. சின்ன வயசுல கேட்ட கதை ஞாபகம் இருக்கா? கோபுரத்து மேல அடைபட்ட மந்திரி. அவர் மனைவி வண்டோட கால்ல பட்டு நூலைக் கட்டி, மீசையில தேன் தடவி மேல விடுவா. பட்டு நூல்ல தடிச்ச நூல், அதுல கயிறு, கயித்துல வடம். அதே சூட்சுமம்தான்.

27/ மெல்லிய கயிற்றில் கட்டி ஒரு கப்பியும், அதில் கோத்த சுற்றுக் கயிறும் போகும். அதை வைத்துப் பெரிய வடம் போகும். வடத்தில் ஒரு மிதவை வளையம் தொங்கும், அதில் அரைக்கால் சட்டை தைத்திருக்கும். ஆள் காலை விட்டு உட்கார்ந்தால் போதும், மற்றவர்கள் இழுத்துக் கரை சேர்ப்பார்கள். கரையிலிருந்து அனுப்பும்போது, கயிற்றை எங்கே கட்டணும் என்று ஒரு பலகையில் ஒருபுறம் ஆங்கிலத்திலும் மறுபுறம் பிரெஞ்சிலும் எழுதி அனுப்பினார்கள். நடுங்கிட்டு இருக்கிறவனுக்கு எப்படி யோசிச்சிருக்காங்க பாருங்க.

28/ நீங்க யாராச்சும் ஆஞ்சியோ பண்ணியிருந்தா உங்க உடம்புலயே இது நடந்திருக்கு. முதல்ல ஊசி. ஊசி வழியா மெல்லிய கம்பி. கம்பி மேலதான் குழாய் போகும். 1953-ல செல்டிங்கர்ங்கிற ஸ்வீடன் டாக்டர் எழுதின முறை. பெருசு போக முடியாத இடத்துக்கு முதல்ல சிறுசு போகணும். சிறுசு போயிடுச்சுன்னா வழி பிறந்துடுச்சு.

29/ இன்னொரு சிக்கல். ராக்கெட் பறக்குற வேகத்துக்குக் கயிறு முடிச்சு விழாம அவிழணும். பழைய ராக்கெட் நிலையங்கள்ல முளைக்குச்சி அடிச்ச பெட்டியில கயித்தை இப்படியும் அப்படியுமா மாத்தி மாத்திச் சுத்தி வைப்பாங்க. சுடுறதுக்கு முன்னாடி குச்சிகளை உருவிடுவாங்க. அந்தப் படத்தை போன்ல காட்டினேன். அந்தம்மா கண்ணாடியை மேல தூக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க.

30/ "இது நம்ம கோன் கணக்குங்க. கோன் சுத்தாது, அப்படியே நிக்கும். நூல் மட்டும் நுனியில இருந்து கழண்டு வரும். சுத்துற மாதிரி வச்சா வேகத்துக்கு அறுந்துருமுங்க." நான் நாலு நாள் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாங்க. பனியன் ஊர்க்காரங்களுக்கு இந்தத் துப்பாக்கி அந்நியமே இல்ல. இதுவும் நூல் சமாச்சாரம்தான்.

31/ இதெல்லாம் பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். 'பிரதிபா காவேரி'ங்கிற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் பிடிக்காம சென்னைக் கடற்கரை ஓரமா வந்து தரை தட்டுச்சு. கரையில ஜனங்க கூட்டம். டிவியில நேரலை. கப்பலை விட்டு ஒரு பகுதி ஆட்கள் உயிர்காப்புப் படகுல இறங்கினாங்க. படகு அலையில கவுந்துச்சு. சிலரைக் கரையோர மீனவர்கள் அலைக்குள்ள போய்க் காப்பாத்தினாங்க. சிலரைக் காப்பாத்த முடியல.

32/ கப்பல்லயே தங்கினவங்களை மறுநாள் ஹெலிகாப்டர் தூக்கிட்டு வந்துச்சு. கப்பல் உடையவே இல்ல. அப்புறம் இழுத்துட்டும் போனாங்க. 205 வருஷம் கழிச்சும் அதே காட்சி. கரை கண்ணுக்குத் தெரியுது, ஆள் சத்தம் கேக்குது, நடுவுல இருக்குற அந்த ரெண்டு மூணு நூறு மீட்டர்தான் கொல்லுது. விபத்துல அடிபட்டவங்களைப் பாத்தவன்ங்கிற முறையில சொல்றேன், எங்களுக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குள்ள வந்துட்டா ஏதாவது பண்ணலாம். வந்து சேர்ற வழியிலதான் நிறைய உயிர் போகுது.

33/ இன்றைக்கும் கடல் கடந்து ஓடும் சரக்குக் கப்பல்களில் கயிறு வீசும் கருவி இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. குறைந்தது நான்கு எறிபொருள்கள். ஒவ்வொன்றும் அமைதியான வானிலையில் 230 மீட்டராவது கயிற்றைக் கொண்டு போக வேண்டும். பிஸ்டல் வடிவம் குறைந்து, கயிறும் ராக்கெட்டும் ஒன்றாக அடைத்த பிளாஸ்டிக் உருளைகள் வந்துவிட்டன. பழைய பிஸ்டல்கள் கப்பலை உடைக்கும்போது சாமானோடு சாமானாக வெளியே வந்தன.

34/ எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப ஆளைச் சுடுறது இல்லீங்களா?"ன்னாங்க. "இல்லம்மா. கயிறு விடுறது. கப்பல்ல இருக்குறவங்களைக் காப்பாத்துறது." "அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க இருந்திருந்தா போய்ச் சொல்லிட்டு வந்திருப்பனுங்க"ன்னாங்க. அவங்களும் இப்ப யாரும் இல்லையாம்.

35/ பெட்டியில துப்பாக்கி இருந்துச்சுன்னு பாத்தவங்க நிறைய. அது என்ன துப்பாக்கின்னு அந்த மனுஷன்கிட்ட கேட்டவங்க ஒருத்தரும் இல்ல. பாதிப் பரிசோதனையில எழுதின டயக்னோசிஸ் ஒரு ஆளோட வாழ்நாளைத் தின்னுடுச்சு. நாங்களும் செய்யக்கூடிய தப்புதான் இது. அதனாலதான் எனக்கு இவ்வளவு உறுத்துது.

36/ கடைசியா நாலு வேலை விஷயம்.
பழைய ஆயுதம் மாதிரி எது கிடைச்சாலும் விசையை இழுக்காதீங்க.
கூட ராக்கெட்டோ தோட்டாவோ இருந்தா தொடவே தொடாதீங்க. பழைய மருந்து எப்ப வேணா பத்தும்.
தேய்க்காதீங்க, எழுத்து அழிஞ்சிடும்.
ஆத்துல போடாதீங்க. போலீஸ் ஸ்டேஷன்ல எழுத்து மூலமா தெரிவிச்சிடுங்க.

37/ 1959 ஆயுதச் சட்டத்தோட 45-ஆவது பிரிவுல, பழுது பாத்தாலும் சுட முடியாத பழங்காலச் சாமானுக்கு விலக்கு இருக்கு. ஆனா உங்க கையில இருக்குறது அந்த வகையான்னு முடிவு பண்ண வேண்டியது நானோ நீங்களோ இல்ல. அந்தம்மாவும் பையனும் அடுத்த நாளே போய் எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டாங்க. பையனுக்கு இப்ப ஆத்துல போடுற எண்ணம் இல்ல.

38/ போன வாரம் மாத்திரை வாங்க வந்தாங்க. சுகர் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. "பேரன் பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லிட்டானுங்க, எங்க பெரிய தாத்தா கப்பல்ல உயிர் காக்குற துப்பாக்கி வச்சிருந்தாருன்னு"ன்னு சொல்லிட்டுச் சீட்டை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க.

உங்க வீட்டுப் பரண்லயும் பெயர் தெரியாத சாமான் ஏதாவது இருந்தா, அது யாரோடதுன்னு பெரியவங்ககிட்ட இப்பவே கேட்டு எழுதி வச்சுக்குங்க.